வாசகர் கேள்வி – பதில்: நீலத் தொப்பிகளும் தானிய மூட்டைகளும்

சூடானின் மேற்கே, டார்ஃபூர் பகுதியில் உள்ள எல் ஃபாஷர் நகரம் ஐந்நூறு நாட்களுக்கும் மேலான முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபர் இறுதியில் துணை ராணுவப் படையிடம் வீழ்ந்தது. அதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்பைப் படித்த வாசகர்கள், ஆப்பிரிக்கப் போர்களில் உலகம் என்ன செய்கிறது, ஏன் செய்ய முடியவில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நீலத் தொப்பி அணிந்த ஐ.நா. அமைதிப்படையினரின் கையில் துப்பாக்கி இருக்கிறது. கண்ணெதிரே மக்கள் கொல்லப்படும்போது அவர்கள் சுடுவதற்கு என்ன தடை?

பதில்: ஐ.நா. வீரர் எப்போது சுடலாம் என்பது அவருடைய தளபதியின் விருப்பம் அல்ல. அந்தப் படையை அனுப்பும்போது பாதுகாப்பு அவை நிறைவேற்றிய தீர்மானத்தின் வாசகமே அதை முடிவு செய்கிறது. அமைதிப்படை என்ற ஏற்பாடு ஐ.நா. சாசனத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவே இல்லை. 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது எகிப்தில் இறங்கிய முதல் ஆயுதமேந்திய அமைதிப்படையிலிருந்தே மூன்று நிபந்தனைகள் வழக்கத்துக்கு வந்தன: சம்பந்தப்பட்டவர்கள் சம்மதிக்க வேண்டும், படை எவர் பக்கமும் சாயக் கூடாது, தற்காப்புக்காக அன்றித் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. சண்டையை நிறுத்திவிட்ட இரண்டு ராணுவங்களுக்கு நடுவே காவல் நிற்பதற்கு இந்த நிபந்தனைகள் போதுமானவை. அண்டை வீட்டுக்காரனே அரிவாளுடன் வரும் ஊரில் இவை எந்த அளவுக்கு உதவும் என்பதை 1994இல் ருவாண்டா காட்டியது.

அங்கே கனடாவைச் சேர்ந்த ரோமியோ டாலேர் தலைமையில் சுமார் 2,500 வீரர்கள் இருந்தார்கள். ஆயுதங்கள் பதுக்கிவைக்கப்பட்டிருப்பதாகத் தமக்குத் துப்புக் கிடைத்திருக்கிறது என்றும், அவற்றைக் கைப்பற்றப் போவதாகவும் 1994 ஜனவரி 11 அன்று அவர் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார். அது உங்களுக்கு அளிக்கப்பட்ட பொறுப்புக்குள் வராது என்று பதில் வந்தது. ஏப்ரல் 7 அன்று துட்சி இன மக்களைக் குறிவைத்த படுகொலை தொடங்கிய சில மணி நேரத்திலேயே பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட, பெல்ஜியம் தன் படையை மீட்டுக்கொண்டது. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு அவை, படையைப் பெருக்குவதற்குப் பதிலாக 270 பேராகச் சுருக்கத் தீர்மானித்தது. சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு பாதுகாப்பு அவையின் தற்காலிக உறுப்பினர்களில் ஒன்றாக ருவாண்டாவும் இருந்தது. கொலையை நடத்திய அரசின் பிரதிநிதி, அதைப் பற்றி விவாதித்த அதே மேசையில் கடைசிவரை அமர்ந்திருந்தார். முந்தைய அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்த அதிர்ச்சி வாஷிங்டனில் ஆறாமல் இருந்ததும், இன்னொரு ஆப்பிரிக்கப் போரில் காலை விட எவரும் விரும்பாததும் இந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் இருந்தன. அப்படியிருந்தும் டாலேரும், கானா நாட்டு வீரர்களை உள்ளிட்ட ஒரு சிறு படையும் அங்கேயே தங்கி, தலைநகர் கிகாலியின் விளையாட்டு மைதானத்திலும் பிற இடங்களிலும் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு விதி மாறியது. 1999இல் சியரா லியோனுக்குப் போன படையிலிருந்து, உடனடி ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைக் காக்க ஆயுதபலத்தைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானங்களிலேயே எழுதப்படுகிறது. 2013இல் காங்கோவில் இன்னும் ஒரு படி மேலே போய், தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளின் வீரர்களைக் கொண்ட தாக்குதல் படைப்பிரிவு ஒன்றையே பாதுகாப்பு அவை உருவாக்கியது; அது காங்கோ ராணுவத்துடன் சேர்ந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் எம்-23 என்ற கிளர்ச்சிக் குழுவை முறியடித்தது. ஆனால் அதே குழு 2021இன் இறுதியில் மீண்டும் கிளம்பி, 2025 ஜனவரியில் கோமா நகரைப் பிடித்தபோது, ஐ.நா. படை அந்த நகரில் இருந்தும் தடுக்க முடியவில்லை. அக்குழுவுக்கு ருவாண்டாவின் படை உதவி இருப்பதாக ஐ.நா. வல்லுநர் குழுவின் அறிக்கைகள் கூறுகின்றன, ருவாண்டா மறுக்கிறது. சில ஆயிரம் வீரர்கள், பரந்து கிடக்கும் ஒரு வட்டாரத்தில், அண்டை நாட்டின் ஆதரவு பெற்ற ஒரு படையை எதிர்த்து நிற்க, தீர்மானத்தின் வாசகத்தைத் திருத்துவது மட்டும் போதுமானதாக இல்லை.

கேள்வி: இந்தப் படைகளுக்குப் பணம் யார் தருகிறார்கள், ஆள் யார் தருகிறார்கள்?

பதில்: பணக்கார நாடுகள் பணம் தருகின்றன, வளரும் நாடுகள் ஆள் தருகின்றன. செலவில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் அமெரிக்காவின் மீதும், அதைவிடச் சற்றுக் குறைவு சீனாவின் மீதும் விதிக்கப்படுகிறது. களத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், கானா போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள்; ஒரு வீரருக்கு மாதம் சுமார் 1,400 டாலர் என்ற கணக்கில் அவருடைய அரசுக்கு ஐ.நா. ஈடு செய்கிறது. உலகெங்கும் உள்ள அமைதிப்படைகளுக்கு 2024–25ஆம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 560 கோடி டாலர். 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்காகச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர் என்பதால், அமைதிப்படைகளின் பங்கு ஆயிரத்தில் இரண்டு என்ற அளவில்தான் வரும். அமைதிப்படைக்கான சந்தா கட்டாயம். தாமதமாகத் தரலாம், தராமல் இருக்கக் கூடாது. உணவு, மருந்து போன்ற நிவாரணத்துக்கான பணமோ முழுக்க முழுக்கத் தாமாக விரும்பிக் கொடுப்பது. அதனால்தான் 2025இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, சூடானின் சமூகச் சமையற்கூடங்கள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன.

கேள்வி: உணவுக் கிடங்குகளில் தானியம் இருக்கிறது என்கிறார்கள், சூடானில் மக்கள் பட்டினியால் சாகிறார்கள் என்றும் அவர்களே சொல்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? விமானத்திலிருந்து போட முடியாதா?

பதில்: இரண்டும் உண்மைதான். நவீனப் பஞ்சங்களில் தானியம் விளையாமல் போனதைவிட, விளைந்தது வந்து சேராமல் போனதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

2023 ஏப்ரல் 15 அன்று, அப்துல் ஃபத்தா அல் புர்ஹான் தலைமையிலான ராணுவத்துக்கும், ஹெமெட்டி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் டகாலோவின் துணை ராணுவப் படைக்கும் இடையில் மோதல் வெடித்தது. அதன் பிறகு ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீடிழந்து இடம்பெயர்ந்தார்கள். டார்ஃபூருக்கு உணவு கொண்டுபோக எளிய வழி, அண்டை நாடான சாட்டின் அட்ரே எல்லைச் சாவடி. அந்த வழியாகத் துணை ராணுவப் படைக்கு ஆயுதம் போகிறது என்று சொல்லி, சூடான் அரசு 2024 பிப்ரவரியில் அதை மூடியது. ஐ.நா.வின் கண்ணோட்டத்தில் அந்த அரசே அங்கீகரிக்கப்பட்ட அரசு. எல்லைக்கு அப்பால் உள்ள நிலம் அதன் கட்டுப்பாட்டில் இல்லாதபோதும், அதன் அனுமதி இல்லாமல் ஐ.நா. லாரிகள் எல்லையைக் கடப்பதில்லை. வடக்கே இருந்த மாற்று வழி மழைக்காலத்தில் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டது. எல் ஃபாஷருக்கு அருகே இருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் நிலவுகிறது என்று வல்லுநர் குழு 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் உறுதிசெய்தது. அதற்குப் பிறகுதான் அதே மாதத்தின் நடுவில் அட்ரே திறக்கப்பட்டது.

எல்லை திறந்தாலும் சாலை திறந்துவிடாது. துணை ராணுவப் படை எல் ஃபாஷரைச் சுற்றி வளைத்து எதையும் உள்ளே விடவில்லை. முற்றுகையை நிறுத்தக் கோரி 2024 ஜூனில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய தீர்மானம் காகிதமாகவே இருந்தது. அதற்கு முன்னரே, 2023 டிசம்பரில் வாத் மதனி நகரில், சுமார் 15 லட்சம் பேருக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான உணவு இருந்த உலக உணவுத் திட்டத்தின் கிடங்கு சூறையாடப்பட்டது. எல் ஃபாஷருக்குள் அகப்பட்டவர்கள், கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும், கால்நடைக்குப் போடும் பிண்ணாக்கைத் தின்று நாட்களைக் கடத்தினார்கள். ‘அம்பாஸ்’ என்பது அங்கே அதற்குப் பெயர். பின்னர் அதுவும் கிடைக்கவில்லை.

விமானத்திலிருந்து போடுவது தெற்குச் சூடானில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம்தான். ஆனால் சாலைவழியைவிடப் பல மடங்கு செலவாகும். விழும் மூட்டைகள் எவர் தலையிலும் விழாதபடி திடலைக் காலியாக்கி, மூட்டைகளைச் சேகரித்து, பட்டியல்படி பகிர்ந்தளிக்கத் தரையில் ஆட்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே இருப்பவர்கள் விமானத்தைச் சுட மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக, அனுமதி கேட்கும் வேலையிலிருந்து வானமும் விடுதலை தருவதில்லை.

சூடானில் எஞ்சியிருக்கும் உயிர்களில் கணிசமானவற்றைக் காப்பாற்றியது வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்பதே என் கருத்து. 2018–19 மக்கள் எழுச்சியின்போது தெருத் தெருவாக உருவான குழுக்களின் இளைஞர்கள், போர் தொடங்கியதும் ‘அவசர உதவி அறைகள்’ என்ற பெயரில் திரண்டு, வெளிநாட்டில் வாழும் சூடானியர்கள் கைப்பேசிச் செயலி வழியாக அனுப்பும் பணத்தைக் கொண்டு உள்ளூர்ச் சந்தையில் கிடைத்ததை வாங்கிக் கூட்டுச் சமையல் நடத்தினார்கள். இரு தரப்பும் அவர்களை எதிரியின் ஆள் என்று சந்தேகித்துப் பிடித்துக்கொண்டுபோனது உண்டு. உலக அமைப்புகளின் நிதியில் மிகச் சிறிய பங்கே அவர்களைப் போன்றவர்களை நேரடியாகச் சென்றடைகிறது. ரசீதும் தணிக்கையும் வேண்டும் என்ற விதிகள் குண்டு விழும் தெருவில் சமைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

கேள்வி: ஓரிடத்தில் ‘பஞ்சம்’ என்று யார், எதை வைத்து அறிவிக்கிறார்கள்?

பதில்: ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பயன்படுத்தும் ஐந்து படிகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. பஞ்சம் அதன் கடைசிப் படி. ஐந்தில் ஒரு குடும்பமாவது உணவே இல்லாத நிலையை எட்டியிருக்க வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது பேர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும். பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவர் பட்டினியாலோ, பட்டினியும் நோயும் சேர்ந்தோ இறந்துகொண்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை ஒருமுறை திரும்பப் படியுங்கள்: அறிவிப்பு வெளியாகும்போது சாவு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் இறந்த சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அறிவிப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. மழை பொய்க்கும் என்ற எச்சரிக்கை 2010லேயே வந்திருந்தது. அல் ஷபாப் தீவிரவாதிகள் உதவி அமைப்புகளைத் தடை செய்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். அவர்கள் கைக்குப் போய்விடக்கூடும் என்ற அச்சத்தில், பயங்கரவாதத் தடைச் சட்டங்களைக் காட்டி மேற்கு நாடுகள் உதவியைக் குறைத்துக்கொண்டது இன்னொன்று. 2017இல் மீண்டும் வறட்சி வந்தபோது, அறிவிப்புக்காகக் காத்திராமல் முன்கூட்டியே பணம் கொடுத்ததால் அங்கே பஞ்சம் தவிர்க்கப்பட்டது.

கேள்வி: நாம் அனுப்பும் உணவை ஆயுதக் குழுக்களே தின்று போரை நீட்டிக்கின்றன என்கிறார் என் நண்பர். அது உண்மையானால் உதவியை நிறுத்திவிடுவது நல்லதல்லவா?

பதில்: நண்பர் சொல்வது கற்பனை அல்ல. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து பல லட்சம் பேர் இன்றைய காங்கோவின் கோமாவைச் சுற்றிக் குவிந்தார்கள். காலரா பரவிச் சில வாரங்களில் பல்லாயிரம் பேர் இறந்ததால் உலகமே உதவிக்கு ஓடியது. ஆனால் அந்த முகாம்களை நிர்வகித்தவர்கள், படுகொலையைத் திட்டமிட்டு நடத்திய அதே அதிகாரிகளும் ஆயுதக் கும்பல்களும்தான். குடும்ப எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டி உணவைக் கூடுதலாகப் பெற்று, விற்று, எல்லை தாண்டித் தாக்கத் தயாரானார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு, கொலைகாரர்களை நாங்கள் பேணிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி அந்த ஆண்டின் இறுதியில் முகாம்களைவிட்டு வெளியேறியது. மற்ற அமைப்புகள், குற்றவாளிகளோடு சேர்த்துக் குழந்தைகளையும் கைவிட முடியாது என்று தங்கின. இரண்டு முடிவுகளையும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. முகாமிலிருந்து ஆயுததாரிகளைப் பிரித்தெடுக்கப் படை அனுப்புமாறு ஐ.நா. கேட்டபோது அரசுகள் முன்வரவில்லை. மருத்துவர்களும் அரிசி அளப்பவர்களும் காவல்துறையின் வேலையைச் செய்ய நேர்ந்தது அதன் விளைவு. 1996இல் அந்த முகாம்கள் தாக்கப்பட்டுக் கலைந்தபோது காங்கோவின் முதல் பெரும் போர் தொடங்கிவிட்டிருந்தது.

ஆனாலும் நிறுத்தினால் நேர்வது வேறு. பசியில் முதலில் சாவது துப்பாக்கி வைத்திருப்பவன் அல்ல. திருட்டைக் குறைக்க வழிகள் உள்ளன: மூட்டையாகக் கொடுப்பதற்குப் பதிலாகச் சமைத்துப் பரிமாறுவது, பெண்களின் கையில் நேரடியாகப் பணம் தருவது, நிலக்கடலை விழுதும் பால்பொடியும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த, ஏறத்தாழ 500 கலோரி தரும் சிறு பொட்டலத்தை மெலிந்த குழந்தைகளுக்கென்றே வழங்குவது. அந்தப் பொட்டலமும் சந்தைக்கு வருவது உண்டு. எவரும் அதைக் கொண்டு ஒரு படையைப் பராமரித்துவிட முடியாது.

கேள்வி: தோல்விக் கதைகளாகவே எழுதுகிறீர்கள். ஒரு வெற்றியாவது இல்லையா?

பதில்: மொசாம்பிக்கைச் சொல்வேன். சுமார் பத்து லட்சம் உயிர்களைப் பலிகொண்ட, அந்த நாட்டின் உள்நாட்டுப் போரை முடித்து வைத்தது வல்லரசு எதுவும் இல்லை. ரோமில் இயங்கும் சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகம். அரசின் ஆட்களையும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களையும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பழைய மடத்தில் உட்காரவைத்துப் பேசி, 1992 அக்டோபர் 4 அன்று கையெழுத்து வாங்கினார்கள். அதே சமயத்தில் அங்கோலாவில் படைகளைக் கலைக்காமலேயே 1992 செப்டம்பரில் தேர்தல் நடந்து, தோற்ற கிளர்ச்சித் தலைவர் ஜோனாஸ் சவிம்பி மீண்டும் காட்டுக்குத் திரும்பினார். போர் அவர் 2002 பிப்ரவரியில் கொல்லப்படும் வரை ஓயவில்லை. இதைப் பார்த்துப் பாடம் கற்ற ஐ.நா., மொசாம்பிக்கில் 1993இல் நடக்க வேண்டிய தேர்தலை, வீரர்கள் ஆயுதங்களை ஒப்படைத்து வீடு திரும்பும்வரை, 1994 அக்டோபருக்குத் தள்ளிவைத்தது. ரெனாமோ ஒரு கட்சியாக மாறுவதற்கென்று தனியாக ஒரு நிதியும் திரட்டிக் கொடுக்கப்பட்டது. கிளர்ச்சிக்காரர்களுக்குக் காசு கொடுத்து அமைதி வாங்குவதா என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. போரின் ஒரு வாரச் செலவோடு ஒப்பிட்டிருந்தால் சுளித்திருக்க மாட்டார்கள். இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருக்கிறது. சவிம்பியிடம் வைரச் சுரங்கங்கள் இருந்தன, ரெனாமோவிடம் இல்லை. இனவெறி ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த உதவியும் வற்றியிருந்தது. போரைத் தொடர வருமானம் இல்லாதவர்களே பேச உட்கார்ந்தார்கள். பின்னாளில் அங்கே சிறு மோதல்கள் மீண்டும் மூண்டு, 2019இல் இன்னோர் ஒப்பந்தம் தேவைப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை.

லைபீரியாவையும் சேர்த்துக்கொள்ளலாம். 2003இல் கானாவின் அக்ரா நகரில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, லேமா போவி தலைமையில் வெள்ளை உடுத்திய லைபீரியப் பெண்கள், தீர்வு காணாமல் எவரும் வெளியேறக் கூடாது என்று மண்டபத்தின் வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டார்கள். சில வாரங்களில் ஒப்பந்தம் ஆனது. பிறகு அங்கே 2007 முதல் 2016 வரை பணியாற்றிய இந்தியப் பெண் காவலர் பிரிவு, ஐ.நா. வரலாற்றில் முழுக்கப் பெண்களால் ஆன முதல் காவல் பிரிவு. ஐ.நா. படை 2018இல் லைபீரியாவைவிட்டு விலகியது.

கேள்வி: மாலி அரசு ஏன் அமைதிப்படையை வெளியேறச் சொன்னது?

பதில்: பத்தாண்டுகள் இருந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த பிறகும், தீவிரவாதிகளை அந்தப் படை ஒழிக்கவில்லை என்று மக்களுக்கு இருந்த கோபம் ஒரு காரணம், ஒழிக்கும் பொறுப்பு அதற்கு அளிக்கப்படவே இல்லை என்பதை விளக்குவார் இல்லை. ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவத்தினருக்கு வேறொரு காரணமும் இருந்தது. 2022 மார்ச்சில் மௌரா கிராமத்தில் மாலி ராணுவமும் வெளிநாட்டு ஆயுததாரிகளும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே வெளியேறும் உத்தரவு வந்தது. 1967இல் எகிப்து அதிபர் நாசர் சொன்னதும் எகிப்திலிருந்து முதல் அமைதிப்படை கிளம்பியதைப் போலவே, 2023 டிசம்பரில் மாலியிலிருந்தும் கிளம்ப வேண்டியிருந்தது.

கேள்வி: அமைதிப்படையினரே பெண்களிடம் அத்துமீறினால் அவர்களை யார் தண்டிப்பது?

பதில்: அவர்களுடைய சொந்த நாடு. ஐ.நா.வால் வீரரைத் திருப்பி அனுப்ப முடியும், வழக்கு நடத்த முடியாது. படை தரும் நாடுகள் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இத்தகைய புகார்கள் குவிந்ததால் 2015இல் அங்கிருந்த ஐ.நா. தலைமை அதிகாரியே பதவி விலக வேண்டியதாயிற்று. ஊருக்குத் திரும்பிய வீரர்கள் மீதான வழக்குகளில் பல அங்கேயே கரைந்துபோகின்றன. இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த எனக்கு ஒரு வாதமும் அகப்படவில்லை.

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளே தங்கள் சண்டைகளைத் தீர்த்துக்கொள்ள முடியாதா?

பதில்: முயல்கிறார்கள், நாம் கவனிப்பதில்லை. எத்தியோப்பியாவின் டிக்ரே போரை நிறுத்திய 2022 நவம்பர் 2ஆம் தேதி ஒப்பந்தம், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஏற்பாட்டில், நைஜீரியாவின் முன்னாள் அதிபர் ஒபாசான்ஜோ உள்ளிட்டோரின் முயற்சியில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் கையெழுத்தானது. சோமாலியாவில் 2007 முதல் உகாண்டா முதலிய நாடுகளின் வீரர்கள் ஐ.நா. படை செய்யத் துணியாத போரைச் செய்து உயிரைக் கொடுத்துவருகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டியிருப்பதுதான் சிக்கல். இத்தகைய படைகளின் செலவில் 75 சதவீதம்வரை ஐ.நா. ஏற்கலாம் என்று 2023 டிசம்பரில் பாதுகாப்பு அவை கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. சோமாலியாவுக்கு அதைப் பயன்படுத்தும் முயற்சிக்கு அமெரிக்கா இசையவில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் துணிகளும் குழந்தைகளுக்கான பால்மாவும் சேகரித்து வைத்திருக்கிறோம். சூடானுக்கு எப்படி அனுப்புவது?

பதில்: அனுப்பாதீர்கள். கப்பல் கட்டணம் துணியின் விலையைவிட அதிகமாகும். துறைமுகத்தில் மருந்துப் பெட்டிகளுக்கு வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். பால்மாவு அதைவிட ஆபத்தானது: சுத்தமான நீரும் எரிபொருளும் இல்லாத முகாமில் அதைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும், தாய்ப்பாலும் நின்றுபோகும். சேகரித்ததை விற்றுப் பணமாக்குங்கள். உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற, கணக்கை வெளியிடும் அமைப்பு ஒன்றுக்கு அதைக் கொடுங்கள். கொடுக்கும்போது, இயன்றால், எந்த நாட்டுக்கு, எந்தத் திட்டத்துக்கு என்று கட்டுப்படுத்தாமல் கொடுங்கள். அடுத்த வாரம் எந்தச் சாலை திறக்கும் என்பது அவர்களுக்கே அடுத்த வாரம்தான் தெரியவரும்.